அடுத்த பருவத்தில் எதை ஆடுவது: விடிய விடிய ஒரு கூத்தா, நான்கு சிறிய ஆற்றுகைகளா?

களரிவாசல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள ஒரு கிராமத்தின் கலைக்கழகத்தில் நான் செயலாளராக இருக்கிறேன். பெரும்போக வேளாண்மை வெட்டிச் சூடடித்து முடிந்ததும், அடுத்த பருவத்தில் என்ன ஆடுவது என்று தீர்மானிக்க ஊர்க்கூட்டம் கூடவிருக்கிறது. அதற்கு முன்னர், கூத்தோடு பழகிய உங்களிடம் ஆலோசனை கேட்க விரும்பி இந்த இழையைத் தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் கடைசியாக விடிய விடிய ஆடப்பட்ட வடமோடிக் கூத்து (மட்டக்களப்புக் கூத்தின் இரு பாணிகளில் ஒன்று) பதின்மூன்றாம் போர்; பாரதப் போரில் அபிமன்யு மடியும் கதை. அதில் அபிமன்யுவாக ஆடியவர் இப்போது பேரப்பிள்ளைகளைக் கண்டுவிட்டார். 1990இல் மீண்டும் போர் மூண்ட பின்னர் இரவில் மத்தளச் சத்தம் கேட்பதே நின்றுபோனது. இடம்பெயர்வுகளின்போது உடுப்புப் பெட்டியும் தொலைந்தது. பாட்டுகள் எழுதப்பட்ட கூத்துக் கொப்பி மட்டும் ஒரு வீட்டுக் கூரை இடுக்கில் தப்பிக் கிடந்தது. ஊர் திரும்பிய பின்னர் பாடசாலை விழாக்களுக்கென்று ஒரு மணித்தியாலத் துண்டுகளை ஆடி வந்திருக்கிறோம். அவற்றைப் பார்த்த வயதானவர்கள் பிள்ளைகளைப் பாராட்டினார்கள் என்றாலும், எழுந்து போகும்போது ஒருவர், "வரவு பார்த்தம், கூத்துப் பார்க்கல்ல" என்று, பாத்திரங்கள் தோன்றி ஆடும் தொடக்க ஆட்டத்தை மட்டுமே பார்த்ததாகச் சொன்னது என் மனத்தை விட்டு அகலவில்லை.

இப்போது கழகத்தின் முன் இரண்டு யோசனைகள் இருக்கின்றன. வைகாசிக் கோயிற் சடங்கு முடிந்த பின்னர், மாரி மழைக்கு முன்னர், ஒரு முழுக் கூத்தை முறைப்படி பழகி அரங்கேற்றலாம் என்பது ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒன்றாக நான்கு சிறிய ஆற்றுகைகளைச் செய்யலாம், அவற்றில் ஒன்று இசை நாடகமாகவும் இருக்கலாம் என்பது மற்றொன்று. எனக்கு முதலாவதில்தான் விருப்பம். எனினும் ஆட வேண்டியவர்கள் இளைஞர்கள் என்பதால் என் விருப்பத்தை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு செய்ய இயலாது.

சல்லாரி எழுதியது:

வணக்கம் அண்ணன். நான் இரண்டாவது யோசனையை ஆதரிக்கிறேன். அதற்கான காரணங்கள் சோம்பலிலிருந்து வந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பழைய முறைப்படி கூத்துப் பழகுவதென்றால், சட்டம் கொடுத்த நாளிலிருந்து, அதாவது அவரவர் வேடத்துக்குரிய பாட்டுப் பிரதியைக் கொடுத்த நாளிலிருந்து, அரங்கேற்றம் வரை குறைந்தது ஐந்தாறு மாதங்கள் கிழமைக்கு இரண்டு மூன்று இரவுகள் கூத்தாடும் களரிக்கு வர வேண்டும். அக்காலத்தில் ஊரில் எல்லோரும் வேளாண்மை செய்தார்கள். வெட்டு முடிந்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்தது. இன்று என் வயதில் இருப்பவர்களில் ஒருவர் ஆடைத் தொழிற்சாலையில் இரவு முறை வேலை செய்கிறார், ஒருவர் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய் மாதம் ஒருமுறை வருகிறார், இன்னொருவர் கட்டாருக்குப் போக விசாவுக்காகக் காத்திருக்கிறார். இவர்களில் ஒருவருக்கு அருச்சுனன் சட்டத்தைக் கொடுத்துவிட்டு, நான்காவது மாதத்தில் அவர் விமானம் ஏறிவிட்டால் அந்தக் கூத்தின் கதி என்ன? சிறிய ஆற்றுகையானால் ஆள் மாறினாலும் சமாளிக்கலாம்.

அத்துடன், கூத்தைச் சுருக்குவது புதிதாக நாம் செய்யும் காரியமும் அன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இலேயே பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு கர்ணன் போரைச் சுருக்கி மேடையேற்றினார். அதன் பின்னர்தான் படித்தவர்களும் கூத்தை மதிக்கத் தொடங்கினார்கள். அவர் செய்தது சரியென்றால் நாம் செய்வதும் சரிதான்.

ஏட்டுப்பிரதி எழுதியது:

தம்பி சல்லாரியின் முதலாவது காரணத்துக்கு என்னிடம் எளிதான மறுமொழி இல்லை. அது இக்காலத்தின் உண்மையான இடர்ப்பாடு. ஆனால் இரண்டாவது காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாக எழுத வேண்டும். ஏனெனில் பேராசிரியர் வித்தியானந்தனின் பெயரைச் சொல்லி நாம் செய்யும் பல காரியங்கள் அவர் செய்தவற்றுக்கு ஒப்பானவை அல்ல.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். 1956இல் பேராசிரியர் சரச்சந்திர சிங்கள நாடகமான மனமேயை மேடையேற்றினார். நாடகம எனப்படும் கிராமிய ஆடல் வடிவத்தை எடுத்து, அதற்குப் புதிய அரங்கச் செழுமை கொடுத்து, சிங்களவர்களுக்கென்று தேசிய நாடக வடிவம் ஒன்று உண்டு என்பதை அவர் நிறுவினார். அதே பேராதனையில் கற்பித்துக்கொண்டிருந்த வித்தியானந்தன், தமிழருக்கும் அவ்வாறான செல்வம் உண்டு என்பதைக் காட்ட விரும்பினார். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய காலத்தில் அவர் கிராமங்களுக்குச் சென்று கூத்துகளைப் பார்த்தார், கூத்துப் பழக்கும் ஆசான்களான அண்ணாவிமாரைக் கௌரவித்தார், பழைய ஏடுகளை அச்சேற்றினார். அலங்காரரூபன் நாடகம் 1962இல் அவருடைய பதிப்பாக வெளிவந்தது. கர்ணன் போருக்கு ஆட்டம் பழக்குவதற்கு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியாரை அழைத்துச் சென்றார். கர்ணனாக ஆடியவர் பின்னர் பேராசிரியரான சி. மௌனகுரு, மட்டக்களப்பில் கூத்தைப் பார்த்தே வளர்ந்தவர். ஆகவே, பேராதனையில் சுருங்கிய நேரத்துக்கு ஆடப்பட்ட கூத்துக்குப் பின்னால், முழுமையாகப் பழகிய ஓர் அண்ணாவியாரும் முழுமையான கூத்துகளைப் பார்த்திருந்த ஆட்டக்காரரும் இருந்தார்கள். நிறைந்த பானையிலிருந்து ஒரு செம்பு நீரை அள்ளுவதும், வெறும் பானையில் ஒரு செம்பு நீரை ஊற்றி வைப்பதும் வேறுவேறு.

அவர் சுருக்கியபோது எதை மாற்றினார் என்பதையும் பார்க்க வேண்டும். வட்டக்களரியில் அண்ணாவியார் மத்தளத்துடன் நடுவில் நிற்பார், தாளக்காரரும், ஆட்டக்காரரின் பாட்டைத் தொடர்ந்து பாடும் பிற்பாட்டுக்காரரும் அவரோடு நிற்பார்கள், ஆட்டக்காரர் அவர்களைச் சுற்றி ஆடுவார், மக்கள் நாற்புறமும் இருப்பார்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கூத்து வந்தபோது அண்ணாவியாரும் பிற்பாட்டும் ஓரத்துக்குப் போனார்கள்; ஆட்டக்காரர் ஒரே திசையை நோக்கி ஆட வேண்டியவரானார். நடிப்புக்கு அதிக இடம் கிடைத்தது. பின்னர் அவர் மேடையேற்றிய இராவணேசன் கூத்தில் இராவணனின் உள்ளப் போராட்டத்தை அவ்வளவு நுணுக்கமாகக் காட்ட முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். அது ஒரு புதிய கலை. மிக உயர்ந்த கலை. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது ஊர்க் கூத்தின் சுருக்கம் என்று எண்ணிக்கொண்டு, நம் ஊரில் கூத்துக்குப் பதிலாக அதை வைத்தால், இரண்டையும் இழப்போம். பேராதனையில் கற்ற மாணவர்கள் கொழும்பு மண்டபங்களில் வேற்றூராருக்கு ஆடினார்கள். நீங்கள் ஆடப்போவது உங்கள் ஊராருக்கு.

யாழ் ஆர்மோனியம் எழுதியது:

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியைச் சேர்ந்தவன். மட்டக்களப்புக் கூத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. இசை நாடகத்தையும் சேர்க்கலாம் என்று செயலாளர் எழுதியிருப்பதால் அதைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

எங்கள் பகுதியில் இசை நாடகம் வேர்கொண்டது, தமிழ்நாட்டிலிருந்து நாடகக் குழுக்கள் கடல் கடந்து வந்து ஆடிய காலத்தில்தான். சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களையும் அவற்றை ஒட்டிய பாடல்களையும் எங்கள் ஊர்க் கலைஞர்கள் கேட்டுப் பழகி, பின்னர் தமக்கே உரியவையாக்கிக்கொண்டார்கள். காங்கேசன்துறையைச் சேர்ந்த நடிகமணி வி. வி. வைரமுத்து வசந்தகான சபாவை அமைத்து ஆடிய அரிச்சந்திர மயான காண்டத்தை நினைக்காமல் எவரும் இங்கே இசை நாடகத்தைப் பற்றிப் பேசுவதில்லை. சுடலை காக்கும் அரிச்சந்திரனாக அவர் நின்று பாடிய இரவுகளைப் பற்றி என் தகப்பனார் சொல்லும்போது, கோயில் வீதி மணலில் பாய் விரித்து இருந்த சனம் எல்லாம் அழுத கதையைத்தான் முதலில் சொல்லுவார்.

ஆனால் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். இசை நாடகத்தின் உயிர் குரல்வளத்தில் இருக்கிறது. சுருதி சுத்தமாக மூன்று ஸ்தாயியிலும் பாடக்கூடிய இருவரும், அவர்களுடைய போக்கை அறிந்து தொடரும் ஆர்மோனியக்காரர் ஒருவரும் இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது. கூத்தில் ஆட்டக்காரரின் குரல் களைத்தால் பிற்பாட்டுத் தாங்கிக்கொள்ளும். இசை நாடகத்தில் நடிகர் தனித்து நிற்கிறார். ஆகவே, பழகுவதற்கு எளிது என்று கருதி அதைத் தெரிவு செய்வது பிழையாகிவிடும். வடக்கிலிருந்து ஒரு குழுவை விருந்தினராக ஒரு நாள் அழைப்பதே சிறந்தது என்பது என் கருத்து.

ஊருக்கு ஊர் பழகும் எளிய வடிவம் வேண்டுமென்றால் எங்களிடம் காத்தவராயன் கூத்து இருக்கிறது. மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்து ஆடுவது. ஆட்டம் இலகுவானது, பாட்டின் மெட்டு ஒரு தடவை கேட்டால் நெஞ்சில் நிற்கும். ஆனால் அது எங்கள் அம்மனின் வாசலில் வளர்ந்தது; உங்கள் வாசலில் உங்களுக்குரியது இருக்கும்போது அதைக் கொண்டுபோக வேண்டிய தேவை இல்லை.

வெண்கட்டி ஆசிரியை எழுதியது:

இங்கே எழுதியவர்கள் அனைவரும் எவ்வளவு நேரம் ஆடுவது என்பதைப் பற்றியே பேசுகிறார்கள். யாருக்குச் சட்டம் கொடுப்பது என்பதை நான் கேட்க விரும்புகிறேன்.

பழைய கூத்தில் சுபத்திரையையும் திரௌபதையையும் ஆண்களே ஆடினார்கள். ஊரில் எல்லாக் குடும்பங்களுக்கும் சட்டம் கிடைத்ததும் இல்லை. அரசன் வேடம் இன்னின்ன குடும்பத்துக்கு என்று எழுதாத விதி இருந்தது. சில குடும்பங்கள் களரிக்கு வெளியே நின்று பார்க்க மட்டுமே அனுமதிக்கப்பட்டன. முறைப்படி ஆடுவோம் என்று சொல்லும்போது இந்த முறைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோமா?

கிழக்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. ஜெயசங்கரும் அவருடன் இணைந்தவர்களும் 2000களின் தொடக்கத்தில் மட்டக்களப்பின் சீலாமுனையில் கூத்து மீளுருவாக்கம் என்ற பெயரில் செய்த பணியை இங்கே நினைவுபடுத்துகிறேன். அவர்கள் கூத்தை மண்டபத்துக்குக் கொண்டுபோகவில்லை. களரியிலேயே, ஊராரோடும் அண்ணாவியாரோடும் இருந்து, கூத்தில் பெண் எப்படிக் காட்டப்படுகிறாள், சாதி எப்படிக் காட்டப்படுகிறது என்பவற்றை உரையாடி, பாடல்களைத் திருத்தி எழுதி ஆடினார்கள். நேரத்தைக் குறைக்காமலேயே கூத்தைக் காலத்துக்கு ஏற்றதாக்கலாம் என்பதற்கு அது சான்று.

என் வகுப்பில் இருக்கும் பெண் பிள்ளைகளில் நால்வர், பாடசாலைத் துண்டுகளில் ஆடி வரவுத் தாளத்தைத் தவறாமல் பிடிக்கிறார்கள். பதினாறு வயதானதும் அவர்களுக்கு ஆட இடமில்லை என்று சொல்லப்போகிறோம் என்றால், எந்தக் கூத்தை ஆடினாலும் பாதி ஊரின் கூத்தாகத்தான் அது இருக்கும்.

பிற்பாட்டு (ஸ்காபரோ) எழுதியது:

கனடாவிலிருந்து எழுதுகிறேன். உடுப்புக்கும் மத்தளத்துக்கும் செலவாகும் பணத்தில் ஒரு பங்கை இங்குள்ள எங்கள் ஊர் உறவுகள் சேர்த்துத் தர ஆயத்தமாக இருக்கிறோம். ஒளிப்பதிவு செய்து இங்கே பார்க்கும் வசதியும் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள். ஒளிப்பதிவுக்கு வசதியாக மேடை கட்டி, மூன்று மணித்தியாலத்துக்குள் முடித்தால் நல்லது என்ற கருத்தும் இங்கே இருக்கிறது.

சல்லாரி எழுதியது:

பணம் தருபவர்களுக்கு நன்றி. எனினும் ஒளிப்பதிவுக்காக மேடை கட்டுவதை நான் ஏற்கமாட்டேன். நான் குறுகிய ஆற்றுகையைக் கேட்டது ஆடுபவர்களின் வாழ்க்கையை நினைத்து.

மத்தளத்தார் எழுதியது:

நான் அண்ணாவியார் ஒருவரின் மகன். தகப்பனாருடன் பன்னிரண்டு வயதிலிருந்து களரிக்குப் போனேன், முதலில் தாளம் போட்டேன், பின்னர் மத்தளம் பிடித்தேன். எழுத்தில் எனக்குப் பழக்கம் குறைவு. ஆனால் பதின்மூன்றாம் போர் என்ற பெயரைப் பார்த்த பின்னர் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்தக் கூத்து எதைப் பற்றியது? அபிமன்யு சக்கர வியூகத்தை உடைத்து உள்ளே போகிறான். வெளியே வரும் வழி அவனுக்குத் தெரியாது. பின்னால் வர வேண்டிய பாண்டவர்களைச் சயிந்தவன் மறித்து நிற்கிறான். உள்ளே துரோணரும் கர்ணனும் துரியோதனனும் சேர்ந்து ஒரு பிள்ளையைச் சுற்றி வளைக்கிறார்கள். இந்தக் காட்சியை மேடையில் பார்த்திருக்கிறேன். மேடையில் அவர்கள் வரிசையாக வருகிறார்கள், ஒருவர் பின் ஒருவராகச் சண்டை செய்கிறார்கள், முதுகைக் காட்டக் கூடாது என்று எல்லோரும் முன்பக்கம் பார்த்து நிற்கிறார்கள். வியூகம் எங்கே இருக்கிறது?

வட்டக்களரியில் அதே காட்சியைச் சொல்கிறேன். பின்னிரவு மூன்று மணி தாண்டியிருக்கும். பிள்ளைகள் மடியில் தூங்குகிறார்கள். அபிமன்யு ஆறு மணித்தியாலமாக ஆடியிருக்கிறான், சுபத்திரையிடம் விடைபெற்றுப் பாடிய விருத்தம் இன்னும் பெண்களின் காதில் இருக்கிறது. அவன் உண்மையாகவே களைத்திருக்கிறான். கௌரவர் பக்கத்து ஆட்டக்காரர்கள் வட்டத்தின் விளிம்பிலிருந்து ஒவ்வொருவராக உள்ளே வந்து சுற்றுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னொரு வட்டமாகச் சனம் இருக்கிறது. எந்தப் பக்கம் ஓடினாலும் அவனுக்கு வழியில்லை என்பது களரியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கண்முன் தெரிகிறது, ஏனென்றால் அந்த வழியை அடைத்துக்கொண்டு இருப்பவர்களில் நாங்களும் இருக்கிறோம். நடுவில் நின்று மத்தளம் அடிக்கும் எனக்கு, அவனுடைய சதங்கைச் சத்தம் பின்னால், பக்கத்தில், முன்னால் என்று சுற்றிச் சுற்றிக் கேட்கும். கால் தளரும்போது சதங்கையின் சத்தம் முதலில் மாறும். அதைக் கேட்டு நான் தாளத்தை அவனுக்காகப் பிடித்துக் கொடுக்க வேண்டும். அவன் விழும்போது கிழவிகள் எழுந்து துரோணரை ஏசுவார்கள். என் தகப்பனார் காலத்தில் ஒருமுறை, அபிமன்யுவாக ஆடியவரின் தாயார் களரிக்குள் ஓடி வந்து மகனைத் தூக்கிவிட்டார் என்று சொல்லுவார்கள்.

இந்தக் காட்சியை ஒரு மணித்தியாலத்தில் ஆடலாம். ஆனால் ஆடுபவன் களைத்திருக்க மாட்டான். பார்ப்பவர்களும் அவனை அரங்கேற்ற நாளில்தான் முதன்முதலாக அபிமன்யுவாகப் பார்த்திருப்பார்கள். ஆறு மாதம் பழக்கம் நடக்கும்போது ஊர் முழுவதும் வந்து பார்க்கும். யாருடைய கால் எந்தத் தாளத்தில் பிழைக்கிறது என்பது கடைக்காரர் வரைக்கும் தெரியும். சதங்கை அணியும் நாளில் உறவுக்காரர் தட்டுடன் வருவார்கள். பழகியதை முழுதாக ஆடிச் சரிபார்க்கும், அடுக்குப் பார்க்கும் இரவுகளில் வயதானவர்கள் பாட்டுப் பிழையைக் களரியிலேயே திருத்துவார்கள். அரங்கேற்றத்துக்கு வரும்போது அந்த அபிமன்யு ஊரின் பிள்ளையாகிவிடுகிறான். பின்னர் வீட்டுக்கு வீடு ஆடப் போகும்போது அவனை வாசலில் அபிமன்யு என்றே அழைப்பார்கள். தம்பி சல்லாரி சொன்ன வேலைப் பிரச்சினையை நான் மறுக்கவில்லை. ஆனால் பழக்கத்தைச் சுருக்கினால் என்ன போகும் என்பதைக் கூட்டத்தில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

இன்னொரு காரியம். ஒலிவாங்கியை ஆட்டக்காரரின் கையில் கொடுக்க வேண்டாம். கையில் ஆயுதம் இருக்க வேண்டிய இடத்தில் ஒலிவாங்கி இருந்தால் ஆட்டம் பாதியாகிவிடும். நடுவில் பிற்பாட்டுக்காரருக்கு மேலே ஒன்று தொங்கவிட்டால் போதும்.

களரிவாசல் எழுதியது:

அனைவரின் பதிவுகளையும் அச்செடுத்து எங்கள் கழக உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டினேன். மத்தளத்தார் எழுதியதை வாசித்தபோது, கூட்டத்தில் ஒரு மூலையில் இருந்த பழைய அபிமன்யு எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "எனக்கு ஆட ஏலாது, ஆனா கால் மறக்கல்ல" என்றார். அன்றைக்குப் பதின்மூன்றாம் போரில் ஆடியவர்களில் இன்னும் ஊரில் இருப்பவர்கள் அவரையும் சேர்த்து மூன்று பேர். கொப்பியில் பாட்டு இருக்கிறது. ஆட்டத்துக்குரிய தருப் பாட்டு எங்கே உயர்ந்து எங்கே இறங்குகிறது என்பது கொப்பியில் இல்லை. எந்தக் கூத்தைத் தெரிவு செய்வது என்ற கேள்விக்கு அதுவே விடையாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். வேறு கதையை எடுத்தால் இந்த மூவரிடமும் இருப்பதைக் கேட்டுப் பெறாமலே விட்டுவிடுவோம்.

பழகும் முறையைப் பற்றி மட்டும் இன்னும் தெளிவில்லை. ஏட்டுப்பிரதி ஐயா, தம்பி சல்லாரி எழுப்பிய இடர்ப்பாட்டுக்கு உங்களுக்கு ஏதேனும் வழி தோன்றுகிறதா?

ஏட்டுப்பிரதி எழுதியது:

ஒரு வழியைச் சொல்லிப் பார்க்கிறேன். பழைய காலத்திலும் கூத்து அரங்கேற்ற நாளில் திடீரென்று முழுதாகத் தோன்றியதில்லை. கிழமைதோறும் பழகிய பகுதியை ஊரார் முன்னிலையில் ஆடிக் காட்டும் வழக்கம் இருந்தது. அதை நீங்கள் சற்று விரிவாக்கலாம். கதையை நான்கு பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பகுதியும் பழகி முடிந்ததும், வேடம் இல்லாமல், சதங்கை மட்டும் அணிந்து, ஊரின் ஒவ்வொரு மூலையிலும் ஒரு சிறிய களரி அமைத்து அந்தப் பகுதியை ஆடுங்கள். இளைஞர்கள் கேட்ட நான்கு சிறிய ஆற்றுகைகளும் கிடைத்துவிடும். ஒவ்வொன்றும் முழுக் கூத்தை நோக்கிச் செல்வதாகவும் இருக்கும்.

ஆள் மாறும் பிரச்சினைக்கு, ஒவ்வொரு முக்கிய வேடத்துக்கும் இருவருக்குச் சட்டம் கொடுக்கலாம். விடிய விடிய ஆடும் கூத்துகளில் முன்னிரவுக்கு ஒருவரும் பின்னிரவுக்கு ஒருவருமாக ஒரே வேடத்தை இருவர் பகிர்ந்து ஆடுவது எங்கள் மரபுக்குப் புறம்பானது அன்று. அபிமன்யுவை மட்டும் ஒருவரே ஆடட்டும். அதற்கான காரணத்தை மத்தளத்தார் சொல்லிவிட்டார்.

சல்லாரி எழுதியது:

இருவருக்குச் சட்டம் கொடுத்தால் நானும் வருகிறேன் ஐயா. இரவு முறை இல்லாத கிழமைகளில் வர முடியும். சயிந்தவன் வேடத்தை எனக்கும் என் மச்சானுக்கும் சேர்த்துத் தாருங்கள். அவன் வர முடியாத நாளில் நான் இருப்பேன்.

வெண்கட்டி ஆசிரியை எழுதியது:

என் கேள்விக்கு இன்னும் மறுமொழி வரவில்லை.

மத்தளத்தார் எழுதியது:

அக்கா, நான் சொல்கிறேன். என் தகப்பனார் இருந்திருந்தால் மறுத்திருப்பார். நான் மறுக்கமாட்டேன். தாளம் பிடிக்கும் காலுக்கு நான் மத்தளம் அடிப்பேன். ஆனால் பழக்கத்தில் எவருக்கும் சலுகை கிடையாது. ஆண் பிள்ளைகளுக்கு எத்தனை இரவோ பெண் பிள்ளைகளுக்கும் அத்தனை இரவு. அவர்கள் வீடு திரும்புவதற்குத் துணை ஏற்பாட்டைக் கழகம் செய்ய வேண்டும். பின்னிரவுப் பழக்கத்துக்குப் பதிலாகச் சனி, ஞாயிறு பின்னேரங்களில் தொடங்கலாம்.

களரிவாசல் எழுதியது:

ஊர்க்கூட்டம் நேற்று நடந்து முடிந்தது. மூன்று மணித்தியாலம் பேசினோம். சில இடங்களில் குரல் உயர்ந்தது. ஆனால் எவரும் எழுந்து போகவில்லை.

பதின்மூன்றாம் போரை முழுமையாக ஆடுவதென்று தீர்மானமாயிற்று. பழைய ஆட்டக்காரர் மூவரும் பழக்குநர்களாக அண்ணாவியாருடன் இருப்பார்கள். நான்கு பகுதிகளையும் ஊரின் நான்கு மூலைகளிலும் ஆடிக் காட்டுவோம். முதலாவது பகுதி வடக்கு மூலையில், இதுவரை எந்தக் கூத்தும் ஆடப்படாத குடியிருப்பில் நடக்கும். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த இருவருக்குக் கௌரவர் பக்கத்து அரச வேடங்களின் சட்டம் கொடுக்கப்படும். இந்தத் தீர்மானத்தின்மீதுதான் குரல் உயர்ந்தது. இரு குடும்பத்தார் இன்னும் மனம் ஒப்பவில்லை. அவர்களோடு தொடர்ந்து பேசுவோம். சுபத்திரையாக ஆடுவதற்கு ஆசிரியை அவர்களின் மாணவிகளில் ஒருவரும், அவருக்கு மாற்றாக இன்னொருவரும் பழகுவார்கள். இசை நாடகக் குழுவைச் சடங்குக்கு முந்திய வாரத்தில் விருந்தினராக அழைப்பதென்றும் ஏற்றுக்கொண்டோம். யாழ் ஆர்மோனியம் அவர்கள் தொடர்பு ஏற்படுத்தித் தந்தால் நன்றியுடையோம்.

ஸ்காபரோ உறவுகளுக்கு: உங்கள் உதவியை உடுப்புக்கென்று கேட்கிறோம். அரச வேடத்துக்கான விரிந்த கரப்புடுப்பும் முடியும் கண்ணாடி பதித்த புஜகிரீடமும் செய்யத் தெரிந்தவர் வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு வேடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று கணக்கிட்டுத் தருவார். ஒளிப்பதிவுக்கு மேடை கட்டமாட்டோம். களரியைச் சுற்றி மூன்று இடங்களில் கமெராக்களை வைப்போம். நாற்புறமும் இருக்கும் சனத்தின் தலைகளுக்கு இடையே பார்ப்பதுபோல்தான் தெரியும்.

சட்டம் கொடுக்கும் நாளுக்கு முன்னர் கொப்பியைப் படியெடுக்க வேண்டும். சில ஏடுகளில் கறையான் அரித்து வரிகள் விடுபட்டிருக்கின்றன. குறிப்பாகச் சயிந்தவன் வரவுத் தருவின் இரண்டாம் அடியும், துரோணர் வியூகம் வகுக்கும் அகவலின் நடுப்பகுதியும் இல்லை. பதின்மூன்றாம் போரின் வேறு பிரதி எந்த ஊரிலாவது இருந்தால், அந்த இரண்டு இடங்களையும் ஒப்பிட்டு எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

ஏட்டுப்பிரதி எழுதியது:

என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. அகவல் முழுமையாக உண்டு. தரு சிறிது வேறுபடுகிறது. உங்கள் பழைய ஆட்டக்காரர் பாடிப் பார்த்து எது உங்கள் ஊர் வழக்கு என்று சொல்லட்டும். வெள்ளிக்கிழமை பஸ்ஸில் கொண்டு வருகிறேன்.